பகடையில் ஏன் ஓட்டை போடுகிறார்கள்?

என் மேசையில் ஒரு பகடை கிடக்கிறது. அமெரிக்காவின் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டிக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், "உனக்குத்தான் சூதாட வராதே, இதையாவது வைத்துக்கொள்" என்று கொடுத்தது. சிவப்புக் கண்ணாடி மாதிரி, எதிரே ஜன்னல் கம்பி தெரியும் அளவுக்குத் தெளிவு. ஓரங்கள் விரலை உறுத்துகின்றன. ஒரு பக்கத்தில் கேசினோவின் பெயர், இன்னொரு பக்கத்தில் வரிசை எண். எல்லாம் சரி, நட்டநடுவில் ஒரு ஓட்டை. பேனா ரீஃபில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடும்.

முதலில் சாவி வளையத்தில் மாட்டுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த ஊர் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தின் சூதாட்ட விதிகளிலேயே எழுதியிருக்கிறது: மேசையிலிருந்து எடுத்த பகடையை ரத்து செய்யவேண்டுமானால் 3/16 அங்குலத்துக்குக் குறையாத வட்ட ஓட்டை ஒன்றை மையத்தின் வழியாகப் போடவேண்டும். கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். காரணம் எளியது. ஓட்டை இல்லாத பழைய பகடை ஒன்று வெளியே போனால், யாரோ ஒருவர் அதைக் கொஞ்சம் 'கவனித்து', சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதே மேசைக்குத் திரும்பி வரலாம். பெயர், நிறம், அளவு எல்லாம் பொருந்தும். ஓட்டை இருந்தால் பொருந்தாது, அவ்வளவுதான்.

இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டே போனால், கிராப்ஸ் என்ற பகடைச் சூதாட்டத்தின் மேசையில் நடக்கிற சம்பிரதாயங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது. ஒரு கையால்தான் எடுக்கவேண்டும், எதிர்ச்சுவரில் மோதவேண்டும், பகடை கீழே விழுந்தால் ஒருவர் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேடிக்கை பார்ப்பவருக்கு மேசை மரியாதை மாதிரித் தோன்றும். மரியாதை எல்லாம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. ஒவ்வொரு பூட்டும், எப்போதோ யாரோ ஒருவன் அந்த வழியாக உள்ளே புகுந்தபிறகு போட்டது.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. இரண்டு பகடை. உருட்டுகிறவருக்கு ஷூட்டர் என்று பெயர். முதல் வீச்சில் கூட்டுத்தொகை 7 அல்லது 11 என்றால் ஜெயம், 2, 3, 12 என்றால் தோல்வி. வேறு எது வந்தாலும் அது 'பாயிண்ட்' ஆகிவிடும். அப்புறம் 7 விழுவதற்கு முன்னால் அந்தப் பாயிண்ட் மறுபடி விழவேண்டும், 7 முந்திக்கொண்டால் பணம் போச்சு. இதுதான் 'பாஸ் லைன்' பந்தயம். சராசரியாக 495 ஆட்டத்தில் ஆடுபவர் 244 ஜெயிப்பார், 251 தோற்பார். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் நாற்பத்தொரு காசு கேசினோவுக்கு நிற்கும். அந்த ஒன்றரை ரூபாய் கூடத் தேறாத இடைவெளியில்தான் மின்விளக்கும் சம்பளமும் நடக்கின்றன.

இதைத் தவிர மேசையின் நடுவே வேறு பந்தயங்களும் இருக்கும், 'அடுத்த வீச்சில் 12 விழும்' என்பது மாதிரி. 36 சேர்க்கையில் ஒன்றுதான் 12. நியாயமாகப் பார்த்தால் ஒன்றுக்கு 35 கொடுக்கவேண்டும், கொடுப்பது 30. கேசினோவுக்கு நூற்றுக்கு கிட்டத்தட்ட 14 லாபம். எவ்வளவு பெரிய பாதுகாப்பு வேலி என்று தோன்றும். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். நல்ல பகடையில் 6 விழும் வாய்ப்பு 16.67 சதவீதம். இரண்டு பகடையிலும் அதை யாராவது 18 சதவீதமாக்கிவிட்டால்? 12 விழும் வாய்ப்பு 2.78-லிருந்து 3.24 சதவீதமாகிறது. அந்த 14 ரூபாய் லாபம் முழுக்கக் காணாமல் போய், ஒரு நூலிழை ஆடுபவர் பக்கம் சாய்ந்தும்விடுகிறது. 20 சதவீதமாக்கினால் நூறு ரூபாய் போடுகிறவருக்குச் சராசரியாக 24 ரூபாய் லாபம். கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு போதும். கேசினோக்காரர்கள் பகடையை மைக்ரோமீட்டர் வைத்து அளப்பது இதனால்தான்.

சரி, பகடையையே முதலில் பார்ப்போம். வீட்டில் பாம்பும் ஏணியும் ஆடுகிற பிளாஸ்டிக் பகடையில் புள்ளிகள் குழியாக இருக்கும். 6 இருக்கும் பக்கத்தில் ஆறு குழி, எதிர்ப்பக்கம் 1-இல் ஒரே குழி. அதிகம் தோண்டிய பக்கம் எடை குறைவு, அதனால் கொஞ்சம் மேலே வரப் பார்க்கும். மூலைகளும் மழுங்கியிருக்கும். குழந்தைகளுக்கு அது போதும். கேசினோ பகடை செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தது. புள்ளியைத் துளைத்தபிறகு, தோண்டியெடுத்த எடைக்குச் சமமான எடையுள்ள வெள்ளைக் கலவையால் அடைத்து, பக்கம் தட்டையாகும்வரை இழைத்துவிடுவார்கள். விரலால் தடவினால் புள்ளி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நியூ ஜெர்சி விதிப்படி ஒரு பக்கம் 0.750 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 0.775-ஐத் தாண்டக் கூடாது. புள்ளிகளின் ஆழம் ஒன்றுக்கொன்று 0.0004 அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. தலைமுடியின் பருமனே அதைப் போலப் பல மடங்கு.

கண்ணாடி மாதிரி இருப்பதும் அழகுக்காக அல்ல. உள்ளே ஈயமோ பாதரசமோ வைத்தால் தெரிந்துவிட வேண்டும். பாதரசம் வைத்த பகடை ஒரு தனி ரகம். உள்ளே மையத்தில் ஒரு சின்ன அறை, அங்கிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு வாய்க்கால். சும்மா உருட்டினால் நல்ல பகடை, மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உருட்டினால் பாதரசம் ஓரத்துக்கு ஓடி எடை சாய்ந்துவிடும். வெள்ளைப் பகடை இருந்த காலத்து வித்தை. இப்போது அந்த வித்தைக்காரருக்கு மிஞ்சியிருப்பது புள்ளிகள் மட்டும்தான், ஏனென்றால் அங்கே மட்டும்தான் ஒளி ஊடுருவாது. புள்ளிக்குள் கனமான உலோகம் வைக்கலாம், இரும்பு வைத்து மேசைக்கு அடியில் மின்காந்தத்தைப் பதுக்கலாம்.

அந்த மின்காந்தம் யார் வீட்டு மேசைக்கு அடியில் இருக்கும்? ஆட வந்தவன் எதிராளியின் மேசையில் ஒயர் இழுக்கமுடியாது. பழைய காலத்துத் தில்லுமுல்லில் பாதி, கடை நடத்தியவர்கள் செய்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் வின் என்ற பகடைத் தயாரிப்பாளர், ஷூட்டருக்கு எதிராகவும் பணம் கட்டலாம் என்று 'டோண்ட் பாஸ்' பந்தயத்தை மேசையில் சேர்த்தது இந்தக் கோல்மாலை அடக்கத்தான். அதுவரை எல்லோரும் ஷூட்டர் ஜெயிக்கவேண்டும் என்றே கட்டமுடியும், எனவே 7 அதிகம் விழாத பகடையா, சீக்கிரம் விழுகிற பகடையா என்று கடைக்காரர் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். இருபக்கமும் கட்டலாம் என்றானதும், பகடையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் எதிர்ப்பக்கம் கட்டியவனுக்கு லாபம். சாய்ப்பதில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. ஒரு காவலாளிகூட இல்லாமல், விதியை மாற்றியே திருட்டை அடக்கிய யோசனை இது. இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நம் ஆட்கள் பாரதத்தைச் சொல்லும்போது சகுனி கேட்டது விழுந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சபையில் பீஷ்மர் இருந்தார், துரோணர் இருந்தார், 'பகடை யார் வீட்டுது, கொடு பார்ப்போம்' என்று கேட்க ஒரு பாக்ஸ்மேன் இல்லை.

பாக்ஸ்மேன் யார் என்றால், மேசையின் நடுவே உட்கார்ந்திருப்பவர். கிராப்ஸ் மேசையில் வேலைக்கு நான்கு பேர். இரண்டு டீலர்கள் ஆளுக்கு ஒரு பாதியைப் பார்த்துக்கொண்டு பணம் வாங்குவார்கள், கொடுப்பார்கள். அவர்களுக்கு எதிரே நீளமான வளைந்த பிரம்போடு நிற்பவர் ஸ்டிக்மேன், அவர் வேலை பகடை. சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாரையும் பார்ப்பவர் பாக்ஸ்மேன். இவர்களைத் தாண்டிப் பின்னால் நடமாடும் மேற்பார்வையாளர், அவர்களுக்கு மேலே கூரையில் கேமரா. கேமரா வருவதற்கு முன்பு கூரைக்கு மேல் பலகைப் பாதை போட்டு, ஒருவழிக் கண்ணாடி வழியாக ஆட்கள் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பகடை மேசைக்கு வருவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை நடக்கும். நியூ ஜெர்சியில் இதற்கான கருவிகளைக்கூட விதியே பட்டியல் போடுகிறது: மைக்ரோமீட்டர், எடைச் சமநிலை பார்க்கும் காலிப்பர், எஃகு மூலைமட்டம், காந்தம். நான்கும் மேசையிலோ பக்கத்திலோ தயாராக இருக்கவேண்டும். மைக்ரோமீட்டர் மூன்று திசையிலும் அளக்கும், ஒரு பக்கத்தைத் தேய்த்திருந்தால் மாட்டிக்கொள்ளும். மூலைமட்டத்தை விளிம்போடு ஒட்டிவைத்து வெளிச்சத்துக்குக் காட்டினால், பக்கத்தை லேசாக உப்பலாகவோ சரிவாகவோ இழைத்திருப்பது கீற்றாகத் தெரியும். காந்தம் எதற்கென்று சொல்லவேண்டாம். காலிப்பர்தான் அழகு. பகடையின் எதிரெதிர் மூலைகளை இரண்டு முனைகளுக்கு நடுவே மெதுவாகப் பிடித்து, சுழலவிடுவார்கள். நல்ல பகடை எந்த நிலையில் விட்டாலும் அந்த நிலையிலேயே நிற்கும். எடை ஏற்றிய பகடை தானாகத் திரும்பி, கனமான பக்கத்தைக் கீழே கொண்டுவரும். நான்கு மூலைவிட்டங்களிலும் இப்படிச் செய்து பார்க்கவேண்டும், ஒன்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும். மேசைக்குக் குறைந்தது ஐந்து பகடை, 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுசு. ஓரம் தேய்ந்தால் உருளும் விதம் மாறிவிடும் என்பது ஒரு காரணம். வெளியிலிருந்து ஒரு போலிப் பகடை உள்ளே வந்திருந்தாலும் அதன் ஆயுள் ஒருநாள்தான் என்பது இன்னொன்று.

இவ்வளவும் முடிந்து பகடை மேசைக்கு வந்தால், அது நல்ல பகடை. இனிமேல் பயம் ஒன்றுதான்: நல்லதை எடுத்துக் கெட்டதை வைத்துவிடுவார்களோ என்பது. ஸ்டிக்மேன் ஐந்து பகடையைப் பிரம்பால் ஷூட்டர் முன் தள்ளுவார், அவர் இரண்டை எடுத்துக்கொள்வார், மற்ற மூன்றும் ஸ்டிக்மேனின் கிண்ணத்துக்குத் திரும்பிப் போகும். எடுத்த நிமிடத்திலிருந்து ஒரே கை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றக் கூடாது. பகடையோடு கையை மேசை விளிம்புக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, மூடிய முஷ்டியை முகத்தருகே கொண்டுபோய் ஊதினால் அதட்டல் விழும். உள்ளங்கையில் ஏற்கெனவே இரண்டு பகடையை ஒளித்துவைத்திருப்பவருக்கு, இரண்டாவது கை கிடைத்தால் அரை நொடி போதும். வீசும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் மேசைக்குள் கைநீட்டினால் திட்டு வாங்குவதும் இதனால்தான். பகடை கையில் பட்டால் ஆட்டம் கெடும் என்பது சொல்லும் காரணம். பறக்கும் பகடையைக் கைமறைவில் பிடித்துவிட்டு வேறொன்றை நழுவவிடுவது சொல்லாத காரணம்.

அப்படி நழுவவிடும் பகடை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வியப்பாகவே இருக்கிறது. எடை ஏற்றவேண்டாம், தேய்க்கவேண்டாம். எண்களை மாற்றினால் போதும். ஒரு பகடையில் 1, 3, 5 மட்டும், ஒவ்வொன்றும் இரண்டு முறை, எதிரெதிர்ப் பக்கங்களில். ஒரு கனசதுரத்தை எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஒரே நேரத்தில் மூன்று பக்கத்துக்கு மேல் தெரியாது. நீங்கள் நின்ற இடத்தில் 1, 3, 5. எதிரே நிற்பவருக்கும் 1, 3, 5. இருவருக்கும் அது நல்ல பகடையாகவே தெரியும். இப்படி இரண்டை உருட்டினால் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படை, அதாவது 7 விழவே விழாது. முதல் வீச்சில் 2 வந்தால் மட்டும் தோல்வி, அது ஒன்பதில் ஒன்று. மற்றபடி பாயிண்ட் 4, 6, 8, 10 எதுவானாலும் உருட்டிக்கொண்டே இருந்தால் கட்டாயம் வந்துவிடும். 49 சதவீத ஜெயம் 89 சதவீதமாகிறது. கூட்டாளி ஷூட்டருக்கு எதிராகக் கட்டியிருந்தால் 7 வேண்டும் அல்லவா, அப்போது ஒன்றை 1-3-5 ஆகவும் மற்றதை 2-4-6 ஆகவும் மாற்றினால் எல்லாமே ஒற்றைப்படை, மூன்று வீச்சில் ஒன்று 7.

இதற்குப் பூட்டு என்ன? கண்ணாடி. கிராப்ஸ் மேசையின் உட்பக்கச் சுவரில், பாக்ஸ்மேனுக்கு எதிரே, நீளவாக்கில் ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். ஆட வருபவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துத் தலைமுடி சரிசெய்துகொள்வார்கள். பாக்ஸ்மேனுக்கு அது மறுபக்கத்துக் கண். நேரே தெரியும் பக்கத்தில் 3, கண்ணாடியில் தெரியும் அதன் எதிர்ப்பக்கத்தில் 4 இருக்கவேண்டும், கூட்டினால் 7. அங்கேயும் 3 தெரிந்தால் ஆட்டம் நிற்கும், காவலர் வருவார். பாக்ஸ்மேன் ஒவ்வொரு வீச்சுக்கும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்தான். ஆனால் வருடக்கணக்கில் உட்கார்ந்த கண்ணுக்கு, தப்பான எண் ஜோடி, வாசற்படியில் ஒரு செருப்பு மாறிக் கிடப்பது மாதிரிப் பட்டென்று தெரிந்துவிடும்.

பகடை மேசையைத் தாண்டிக் கீழே விழுந்தால் இன்னும் உஷார். அந்த வீச்சு செல்லாது. தரையில் விழுந்த பகடை சில நொடிகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த பகடை, அதனால் நேராக ஸ்டிக்மேனிடம் போகாது. பாக்ஸ்மேன் வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்து, விரலிடுக்கில் உருட்டி விளிம்பைத் தடவி, பெயரையும் வரிசை எண்ணையும் இன்னொரு பகடையோடு ஒட்டிவைத்துப் பார்த்தபிறகுதான் உள்ளே விடுவார். சில ஷூட்டர்கள் 'அதே பகடைதான் வேண்டும்' என்று அடம்பிடிப்பார்கள், ராசியாம். கேசினோ மறுக்காது. ராசியை நம்புகிறவர்தான் அவர்களுக்கு வாழ்வு.

இப்போது பகடையைத் தொடாமல், மாற்றாமல், கேசினோவின் சொந்தப் பகடையை வைத்துக்கொண்டே செய்யும் ஏமாற்று ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் தாயம் ஆடியிருக்கிறீர்களா? உள்ளங்கைகளுக்கு நடுவே கட்டையை நன்றாகத் தேய்த்து உருட்டவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு மாமா தேய்ப்பது மாதிரிப் பாவனை காட்டிவிட்டு மெதுவாகத் தரையில் இறக்கிவிடுவார், பாட்டி உடனே "உருட்டச் சொன்னா வைக்கிறான் பாரு" என்று கத்துவாள். அதுதான் இது. கிராப்ஸ் மொழியில் சறுக்குவது. ஒரு பகடையை 6 மேலே இருக்கும்படி பிடித்து, உருளாமல் துணியின்மேல் சறுக்கிக்கொண்டே போகும்படி விடுவது. மற்றப் பகடை சும்மா துள்ளி உருளும், பார்ப்பவர் கண் துள்ளுவதன் பின்னால் போகும்.

ஒரு பகடை 6-லேயே நின்றுவிட்டால் 7 விழும் வாய்ப்பு எவ்வளவு? பலர் மாறும் என்றே நினைப்பார்கள். மாறாது. இன்னொரு பகடை நேர்மையாக உருண்டால் அது 1 காட்டவேண்டும், ஆறில் ஒன்று, எப்போதும் இருந்த அதே ஆறில் ஒன்று. ஒரு பகடை நேர்மையாக இருந்தாலே 7-இன் கணக்கு அசையாது. ஆகவே சறுக்குகிறவன் 7-ஐத் தடுக்க முயலமாட்டான். அவன் கண் நடுவே இருக்கும் பந்தயங்களில். 12 விழ 36-இல் ஒன்று என்று நினைத்து ஒன்றுக்கு 30 கொடுக்கிறார்களே, இப்போது அது ஆறில் ஒன்று. ஆறு முறை ஒவ்வொரு சிப் கட்டினால் ஐந்து போகும், முப்பது வரும். அதனால் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சறுக்கலின் முதல் அடையாளம் பகடையில் தெரிவதைவிடப் பந்தயத்தில் தெரியும்: இவ்வளவு நேரம் பாஸ் லைனில் சில்லறையாகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், ஒரு குறிப்பிட்ட ஆள் பகடையைக் கையில் எடுத்ததும் நடுவில் குவியலாகக் கட்டுகிறார்கள். கூடவே சரியாக அந்த நிமிடத்தில் ஒருவர் ஸ்டிக்மேனிடம் ஏதாவது கேட்பார், இன்னொருவர் எட்டி சிப் வைப்பார். கண்ணை மறைக்கத்தான்.

எதிர்ச்சுவரில் மோதவேண்டும் என்ற விதி இதற்காகவே. மேசை 12, 14 அடி நீளம். கடைசிச் சுவரில் கூம்பு கூம்பாக ரப்பர் பதித்திருக்கும், நுங்கு வெட்டிய தட்டு மாதிரி. சறுக்கிவந்த பகடை அதில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்லமுடியாது. சறுக்குகிறவன் அதனால் சுவருக்குச் சற்று முன்னாலேயே நிறுத்தப் பார்ப்பான். ஸ்டிக்மேனோ பாக்ஸ்மேனோ 'வீச்சு செல்லாது' என்று சொல்லலாம், ஆனால் உடனே சொல்லவேண்டும். பணம் கொடுத்தபிறகு யோசித்துப் பயனில்லை. கையில் வலுவில்லாத வயதானவர்கள் வீசினாலும் பகடை சுவரை எட்டாது, அவர்களை எல்லாம் மிரட்டினால் வியாபாரம் கெடும். இந்த இடைவெளியில்தான் விளையாட்டு. 2011-இல் லாஸ் வேகாஸில் வின் (Wynn) என்ற கேசினோ இருவர்மேல் வழக்குத் தொடுத்தது, சறுக்கியே சுமார் 7 லட்சம் டாலர் வரை எடுத்துவிட்டார்கள் என்று. உலகத்தின் மிகச் செலவான கேசினோக்களில் ஒன்று, கேமராவுக்குக் குறைவில்லை, ஆனாலும் முதல் சறுக்கலிலேயே யாரும் கையைப் பிடிக்கவில்லை. நெவாடா சட்டம் ஏமாற்று என்பதற்குத் தரும் விளக்கம், ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கும் தற்செயல் கூறுகளை மாற்றுவது. சொந்தப் பகடை, கருவி எதுவும் வேண்டாம், உருளவேண்டியதை உருளாமல் செய்தாலே இந்த விளக்கத்துக்குள் வந்துவிடலாம்.

அப்படியானால் பகடையை விரலில் அழகாக அடுக்கி, 'என் கையில் ஒரு தாளம் இருக்கிறது' என்று சுவரில் மெதுவாகப் படும்படி வீசுகிறவர்கள்? அவர்களை விட்டுவிடுகிறார்கள். இதைக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக் காசு வாங்கும் வகுப்புகள்கூட உண்டு. பகடை சுவரில் மோதியாயிற்று, ஒரே கை, உருண்டும் ஆயிற்று, கேசினோவுக்கு வேறென்ன வேண்டும். ரப்பர் கூம்பில் மோதித் திரும்பும் பகடையைக் கட்டுப்படுத்தமுடியும் என்று எனக்கு நம்பிக்கையில்லை, கேசினோக்களுக்கும் இல்லை போலிருக்கிறது. நேரம் வீணாகிறது என்று மட்டும் முகம் சுளிப்பார்கள்.

அதிர்ஷ்டத்தையும் அவர்கள் ஏமாற்றோடு குழப்பிக்கொள்வதில்லை, கொண்டால் கடையை மூடவேண்டியதுதான். 2009 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியின் போர்கட்டா கேசினோவில் ஒரு பெண்மணி 4 மணி 18 நிமிடம், மொத்தம் 154 முறை, பகடை கைமாறாமல் உருட்டிக்கொண்டே இருந்தார். சராசரி ஷூட்டருக்குக் கிடைப்பது எட்டரை வீச்சு. 154 வரை போகும் வாய்ப்பு ஏறக்குறைய 560 கோடியில் ஒன்று என்று பின்னால் கணக்குப் போட்டார்கள். அளந்த பகடை, எண்ணிட்ட பகடை, கண்ணாடி, பிரம்பு, கேமரா எல்லாம் சேர்ந்து கேசினோவுக்குக் கொடுப்பது திருடனைப் பிடிக்கும் வசதி மட்டுமில்லை, இப்படி ஒரு இரவில் பதறாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கும் தைரியமும்தான்.

இத்தனை பூட்டையும் பார்த்துவிட்டு, பெல்லாஜியோ கதையையும் சொல்லவேண்டும். லாஸ் வேகாஸின் அந்தப் பெரிய கேசினோவில் 2012 முதல் 2014 வரை கிராப்ஸ் மேசையில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. பகடையில் ஒரு கீறல் இல்லை. யாரும் சறுக்கவில்லை, மாற்றவில்லை. செய்தவர்கள் டீலர்கள், வெளியே இருந்த கூட்டாளிகளோடு சேர்ந்து. வழி இதுதான்: 'ஹாப்' என்று ஒரு பந்தயம் உண்டு, அடுத்த வீச்சில் 3-ம் 3-ம் விழும் என்பது மாதிரிக் குறிப்பிட்ட ஜோடியைச் சொல்லிக் கட்டுவது, விழுந்தால் ஜோடியைப் பொறுத்து 15-லிருந்து 30 மடங்கு வரை. பெரும்பாலும் வாயால் சொல்லும் பந்தயம். மேசை இரைச்சலில் கூட்டாளி ஏதோ முணுமுணுப்பான். பகடை உருண்டு நிற்கும். நின்றபின் டீலர், விழுந்த ஜோடியைத்தான் அவன் சொன்னான் என்பது மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவார். மேலே இருந்த கேமராவுக்குத் தெரிந்தது பகடை நேர்மையாக உருண்டதும், டீலர் பணம் கொடுத்ததும். முணுமுணுத்தது என்ன என்று படத்தில் எப்படித் தெரியும்?

கடைசியில் வழக்கில் பேசியது கணக்கு. அந்தக் கூட்டாளிகள் ஜெயித்த அளவுக்கு ஒருவர் நேர்மையாக ஜெயிப்பதற்கான வாய்ப்பு 45,200 கோடியில் ஒன்று என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். போர்கட்டா பெண்மணியின் இரவைப்போல எண்பது மடங்கு அரிது, அதுவும் இரண்டு வருடத்துக்குத் தொடர்ந்து. 2016-இல் தண்டனை ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் பெல்லாஜியோவில் பகடையை அளந்துகொண்டும், எண்ணைச் சரிபார்த்துக்கொண்டும், தேய்ந்ததை ரத்து செய்துகொண்டும்தான் இருந்திருப்பார்கள்.